வெந்நீர் அடுப்புக்கு விறகு

எங்கள் வீட்டுச் சமையலறையில் எரிவாயு அடுப்பு இருக்கிறது. குளியலறையில் மின்சாரத்தால் நீரைச் சூடாக்கும் கருவியும் இருக்கிறது. அப்படி இருந்தும் கொல்லைப்புறத்துச் சிறு கொட்டகையில், செங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய அடுப்பின்மேல், என் தகப்பனார் காலத்துச் செப்பு அண்டா ஒன்று இன்றும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. கன்னடத்தார் அதனை 'ஹண்டே' என்பார்கள். தீபாவளிக்கு முந்தைய நாள் மாலையில் அதைத் துலக்கிப் பொட்டிட்டுப் புதுநீர் நிரப்புவதை அவர்கள் ஒரு பண்டிகையாகவே கொண்டாடுவார்கள். 1956-ஆம் ஆண்டு மணமாகிப் பெங்களூர் வந்த என் தாயார், அந்த வழக்கத்தை அண்டை வீட்டாரிடம் கற்றுக்கொண்டார், இன்றுவரை விடவில்லை.

தாயாருக்கு முழங்கால் வலி. மார்கழி, தை மாதங்களில் பெங்களூரின் காலைக் குளிர் அவரை மிகவும் வாட்டும். "அந்தக் குழாய் வெந்நீர் சுடுகிறதே தவிர, உடம்பில் இறங்கவில்லை" என்பது அவருடைய தீர்ப்பு. எதில் காய்ந்தாலும் வெந்நீர் வெந்நீர்தானே என்று நான் பௌதிக சாஸ்திரம் பேசிப் பார்த்தேன். எண்பத்தைந்து வயதைக் கடந்த ஒருவரிடம் பௌதிகம் செல்லுபடியாகுமா? அவர் என்னிடம் கேட்பது அந்த ஓர் அண்டா வெந்நீர்தான். அதையும் மறுப்பது மகனுக்கு அழகல்ல என்று அடங்கிவிட்டேன்.

ஆனால் விறகுக்கு எங்கே போவது? எங்கள் பேட்டையில் முன்பு மூன்று விறகுக் கடைகள் இருந்தன. ஒன்று பிளைவுட் கடையாயிற்று. இன்னொன்று இருந்த இடத்தில் அடுக்குமாடி எழுந்துவிட்டது. எஞ்சிய ஒரே கடைக்காரரும் கல்யாணச் சமையற்காரர்களை நம்பித்தான் காலம் தள்ளுகிறார். என்னைப்போல் இருபது கிலோ, முப்பது கிலோ என்று கேட்டு நிற்பவரைக் கண்டால் அவருக்கு முகம் சுளிக்கும். ஆட்டோவில் ஏற்றி வீடு கொண்டு வந்து சேர்க்கும் கூலியையும் கூட்டினால், என் தாயார் குளிப்பது வெந்நீரிலா பன்னீரிலா என்று ஐயம் வந்துவிடும்!

இந்த நிலையில்தான் ஒரு சித்திரை மாதத்து மாலை, மாம்பழ மழை என்று இவ்வூரார் சொல்லும் கோடைமழை இடியும் காற்றுமாக அடித்து ஓய்ந்தபோது, எங்கள் தெருமுனையில் இருந்த குல்மோஹர் மரம் வேரோடு சாய்ந்தது.

பெங்களூரில் மரம் சாய்வது புதுமையன்று. 1908-இல் லால்பாக் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஜெர்மானிய நிபுணர் கிரும்பிகல், ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு சாலை பூத்துக் கொண்டே இருக்கும்படி மரங்களைத் தேர்ந்து நடச் செய்தவர். பின்னர் 1980-களில் வன அதிகாரி நெகின்ஹால் அவர்களின் முயற்சியால் 15 லட்சம் மரங்கள் இந்நகரில் நடப்பட்டதாகச் சொல்வார்கள். நட்டவர்கள் நன்றாகத்தான் நட்டார்கள். பின்னால் வந்தவர்களோ அடிமரம் வரை சிமெண்டுப் பலகை பதித்து, சாக்கடைக்கு ஒரு முறை, மின்கம்பிக்கு ஒரு முறை, தொலைபேசிக் கம்பிக்கு ஒரு முறை என்று வேரை வெட்டிக் கொண்டே போனார்கள். மேலே தழை பாரம். கீழே பிடிமானம் இல்லை. குல்மோஹரோ இயல்பிலேயே ஆழ வேரோடாத மரம், மென்மையான கட்டை. காற்று தள்ளினால் விழாமல் என்ன செய்யும்?

மறுநாள் காலை மரம் வெட்டுவோர் லாரியுடன் வந்தனர். இயந்திர வாள் வெண்ணெயில் கத்தி போலப் புகுந்து சென்றது. துண்டு துண்டாகக் கட்டைகள் உருண்டு கிடப்பதைக் கண்ட எனக்கு ஆசை வந்துவிட்டது. அவர்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். பேச்சிலேயே தெரிந்தது. மெதுவாக அருகில் போய், நாலு கட்டை கிடைக்குமா என்று கேட்டேன்.

"சார், ரோட்டு மரம் கவர்மெண்டு சொத்து. அதுல ஒரு துண்டு உங்களுக்குக் குடுத்தாலும் நாளைக்கு என் வேலை போயிடும். நம்ம ஊர்க்காரரா இருக்கீங்களேன்னு சொல்றேன், காம்பவுண்டுக்குள்ள வெட்டற மரம்னா கேளுங்க. அது எங்களுக்கே தலைவலி" என்றார்.

தலைவலி எப்படி என்று கேட்டபோது அவர் சொன்ன கணக்கு எனக்குப் புதிதாக இருந்தது. தனியார் மனையில் மரம் வெட்ட ஒப்புக்கொண்டால், வெட்டிய மரத்தை அப்புறப்படுத்துவதும் அவர்கள் பொறுப்பு. நல்ல மரமாக இருந்தால் அறுப்பு மில்லில் வாங்குவார்கள். கோணல் கட்டை, பொந்து விழுந்த கட்டை, மெல்லிய மரம் இவற்றை யாரும் சீந்துவதில்லை. லாரி வாடகை, டீசல், ஏற்றுகூலி, இறக்குகூலி எல்லாம் கொடுத்து ஊருக்கு வெளியே கொண்டு போய்த் தள்ள வேண்டும். பக்கத்துத் தெருவிலேயே ஒருவர் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தால் அந்த நடை மிச்சம். இனாம் விறகின் ரகசியம் இவ்வளவுதான். தர்மம் ஒன்றும் இல்லை. நாம் அவர்களுக்குச் செய்யும் உபகாரத்துக்குக் கூலியாகக் கட்டை கிடைக்கிறது.

மேஸ்திரி என்னை மூன்று கேள்விகள் கேட்டார். வாசற்கதவு லாரியின் பின்புறம் வந்து நிற்கும் அளவுக்கு அகலமா? கொண்டு வந்ததைப் பொறுக்காமல், இது வேண்டும் அது வேண்டாம் என்று சொல்லாமல், முழுவதையும் இறக்கிக் கொள்வேனா? பிளப்பது என் பொறுப்புத்தானே? மூன்றுக்கும் 'ஆம்' என்று சொல்லித் தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன். மூன்றாவது கேள்வியின் ஆழம் அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஒரு மாதத்திற்குள் முதல் லாரி வந்தது. இடிக்கப்படும் ஒரு பழைய பங்களாவின் மரங்கள். ஒவ்வொரு கட்டையும் நாலடி நீளம். எங்கள் அடுப்பின் வாயோ ஒன்றேகால் அடிக்கு மேல் ஏற்காது. நான் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவன். கோடரி பிடித்த கை அல்ல. இரண்டு நாள் முயன்று தோள்பட்டைக்குத் தைலம் தேய்க்கும் நிலை வந்தபின், கூலிக்கு ஓர் ஆளை அமர்த்தினேன். அறுக்க ஒரு நாள், பிளக்க இரண்டு நாள். இறக்குகூலியும் சேர்த்துப் பார்த்தால், கடை விலையில் பாதியை நான் கொடுத்தாகிவிட்டது. இனாம் என்று வந்த விறகின் விலை இது. பாதி மிச்சமும் மிச்சந்தானே என்று மனத்தைத் தேற்றிக் கொண்டேன்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று செய்தேன். பிளந்த மறுநாளே அந்த விறகை அடுப்பில் வைத்தேன்.

வெட்டிய புது மரத்தில் ஏறக்குறையப் பாதி எடை தண்ணீர். கொதிநிலையை எட்டிய ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க மட்டும் 540 கிலோ கலோரி வெப்பம் தேவைப்படுகிறது. நாம் அண்டாவில் இருக்கும் நீரைக் காய்ச்ச எண்ணுகிறோம். விறகோ முதலில் தன்னுள் இருக்கும் நீரைக் காய்ச்சிக் கொண்டிருக்கிறது. தீ சூடேறாமல் கனன்றுகொண்டே இருப்பதால், எரிய வேண்டிய வாயுக்கள் எரியாமல் புகையாக வெளியேறுகின்றன. கட்டையின் முனையில் நுரை தள்ளிச் சீறியது. எங்கள் கொட்டகையிலிருந்து கிளம்பிய புகை, பக்கத்து வீட்டு மாடிக்குள் நேராகப் புகுந்தது.

அந்த மாடியில் ஏழு வயதுப் பையன் ஒருவன். இரைப்பு நோய்க்காரன். அன்று மாலை அவனுடைய தாய் எங்கள் வாசலில் வந்து நின்றார். சண்டை பிடிக்கவில்லை. பையனுக்கு மூச்சு வாங்குகிறது, மருந்துப் புகை கொடுத்துக் கொண்டிருக்கிறோம் என்று மட்டும் சொன்னார். சண்டை பிடித்திருந்தால்கூட நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அன்றிலிருந்து நான்கு மாதம் அந்த அடுப்பு எரியவில்லை. தாயாரும் வாய் திறவாமல் குழாய் வெந்நீரில் குளித்தார்.

அந்த நான்கு மாதங்களில்தான் விறகு உலர்த்தும் வித்தையைக் கற்றேன். முழுக்கட்டை ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் உள்ளே ஈரம் போகாது. பட்டை அதனைப் பூட்டி வைத்திருக்கும். பிளந்து போட்டால்தான் காற்று உட்புகும். இரண்டு வரிசை செங்கல் வைத்து அதன்மேல் அடுக்க வேண்டும்; மண்ணைத் தொட்டால் கறையான். வீட்டுச் சுவரோடு ஒட்டி அடுக்கவும் கூடாது. காற்றோட்டமும் போய்விடும், தேளும் பாம்பும் குடியேறும். மேலே மட்டும் தகரம். பக்கவாட்டில் மூடினால் புழுங்கிப் பூஞ்சை பூத்துவிடும். பெங்களூரில் மழை ஆவணி, புரட்டாசி, ஐப்பசியில்தான் அதிகம். ஆகையால் தையிலோ மாசியிலோ வரும் கட்டையை உடனே பிளந்துவிட்டால், பங்குனி, சித்திரை வெயில் நமக்கு ஊதியமில்லாத வேலைக்காரன்.

உலர்ந்ததா என்று அறிய என் மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு துண்டில் சுண்ணாம்பால் குறியிட்டு, வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் நிறுத்துச் சுவரில் எழுதி வந்தாள். எடை இறங்கி இறங்கி வந்து, மூன்று வாரம் ஒரே இடத்தில் நின்றபோது விறகு தயார் என்று அறிவித்தாள். பழைய முறையும் உண்டு: இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் ஈரமானது 'தொப்' என்னும், உலர்ந்தது 'டங்' என்று ஒலிக்கும். வெட்டுமுனையில் நட்சத்திரம் போல வெடிப்பு ஓடியிருக்கும்.

எந்த மரம் நல்லது என்று கேட்பீர்கள். சவுக்குக்கு நிகர் இல்லை. ஆனால் அது இங்கே வீட்டு மனைகளில் அகப்படாது. தைல மரத்தைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும். காய்ந்தபின் கோடரியையே திருப்பித் தள்ளும். சில்வர் ஓக் சீக்கிரம் உலரும், சீக்கிரம் எரிந்தும் போகும். குல்மோஹர் ஏறக்குறையத் தாளை எரிப்பது போலத்தான். புளியங்கட்டை பிளப்பவனின் பொறுமையைச் சோதித்தாலும், நின்று எரியும். அரளியைக் கண்டால் கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்குங்கள்; அதன் புகையே நஞ்சு. சந்தனம், ஈட்டி, தேக்கு இவற்றின் பக்கமும் போகவேண்டாம். சட்டம் அடுப்படிவரை வந்துவிடும். நகரத்து மரங்களில் இன்னொரு தொல்லை ஆணி. அறை வாடகைக்கு, டியூஷன், மூலவியாதிக்கு மருந்து என்று ஒவ்வொரு மரத்திலும் பலகை அடித்து வைக்கிறார்கள். பலகை போனாலும் ஆணி மரத்துக்குள் புதைந்து கிடக்கும். எங்கள் கூலியாளின் ரம்பம் இரண்டு முறை பல் இழந்தது.

மேஸ்திரியிடம் ஒரு நிபந்தனை நானும் வைத்தேன். 1976-ஆம் ஆண்டின் கர்நாடக மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, தன் சொந்த மனையிலுள்ள மரத்தை வெட்டவும் மர அதிகாரியின் அனுமதி வேண்டும். சில வகைகளுக்கு விலக்கு உண்டு. அந்த அனுமதிக் காகிதத்தைப் பார்க்காமல் நான் கட்டை இறக்குவதில்லை. மகாராஷ்டிர நகரங்களில் 1975-ஆம் ஆண்டுச் சட்டமும், தில்லியில் 1994-ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வாறே இருக்கின்றன. அவ்விடங்களில் வாழும் அன்பர்கள் கவனிக்க. விறகெரிப்பதற்கும் இடத்துக்கு இடம் கட்டுப்பாடு உண்டு. மும்பையில் ரொட்டிக் கடைகள் விறகையும் கரியையும் விட்டு வேறு எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று உயர்நீதிமன்றம் 2025-இல் உத்தரவிட்டது. தில்லியில் காற்று கெடும் நாட்களில் உணவு விடுதிகளின் தந்தூர் அடுப்புக்கே விறகு தடைப்படுகிறது. நானும் கொட்டகைக்குத் தகரக் குழாய் வைத்துக் கூரைக்கு மேலே உயர்த்தினேன். பையனுக்கு உடம்பு சரியில்லாத நாளில் அடுப்பு மூட்டுவதில்லை என்று மாடி வீட்டாருக்கு வாக்கும் கொடுத்தேன்.

இவ்வளவும் தேறிவிட்டது என்று மகிழ்ந்திருந்த காலத்தில்தான் மூன்றாவது லாரி வந்தது.

அது எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு மனை. பெரிய கட்டைகளோடு சிறு கிளைகளும் சுள்ளிகளும் இருந்தால் அடுப்பைப் பற்றவைக்க வசதி என்று எனக்குத் தோன்றியது. வழக்கமாக அவற்றை மேஸ்திரி அங்கேயே விட்டுவிடுவார். நான் இருநூறு ரூபாய் தேநீர்ச் செலவுக்கு என்று கொடுத்து, கிளைகளையும் கொண்டு வரச் சொன்னேன். அவர் ஒரு கணம் தயங்கியது போலிருந்தது. நான் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்க விரும்பவில்லை.

அன்று சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரம். இடுப்பில் குழந்தையுடன் ஒரு பெண் வாசற்கதவருகே நின்றிருந்தார். அடுத்த தெருவில் எழும் கட்டடத்தில் சித்தாள் வேலை. தகரக் கொட்டகையில் வாசம். ஊர் ராய்ச்சூர்ப் பக்கம். கன்னடத்தில் அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "ஐயா, கோடரி வேலையில் சிதறின பட்டையும் சிராயும் உங்கள் முற்றத்தில் கிடக்கிறதே, அதைக் கூட்டி அள்ளிக்கொள்ளட்டுமா?"

வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா என்றேன். அவர் குழந்தையை இறக்கிவிட்டுக் கோணியை விரித்துப் பொறுக்கத் தொடங்கினார். வீட்டில் எரிவாயு இல்லையா என்று, கேட்கக் கூடாத கேள்வியை நான் கேட்டேன். சிலிண்டர் ஊரில் மாமியார் பெயரில் இருக்கிறதாம். இங்கே அதை எடுத்து வர முடியாது. கடையில் கிலோக் கணக்கில் நிரப்பினால் கூலியில் பாதி போய்விடுகிறதாம். "இந்தத் தெருக்களில் மரம் வெட்டினால் கிளையெல்லாம் நாங்கள் நாலு கொட்டகைக்காரர்கள் எடுத்துப்போம். இன்றைக்கும் வேலை விட்டதும் ஓடி வந்தோம். யாரோ ஒரு சார் வாங்கிக்கொண்டார் என்று மேஸ்திரி சொன்னார்" என்றார்.

அந்தச் சார் யாரென்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. அவர் முதுகுக்குப் பின்னால், என் வீட்டுச் சுவரோரம், ஆளுயரத்துக்கு அந்தக் கிளைகள் குவிந்து கிடந்தன. அவர் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. தரையையே பார்த்துச் சிராய் பொறுக்கினார்.

என் தாயார் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக் கொண்டிருந்தார். அறுபது ஆண்டுக் கன்னடம் அவருடையது. ஒரு சொல்லும் தப்பியிராது. அந்தப் பெண் கோணியைக் கட்டி எழுந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"ஏண்டா, நான் உன்னிடம் வெந்நீர் கேட்டேன். அவள் வீட்டு அடுப்பைப் பிடுங்கி வரச் சொன்னேனா?"

என் வாழ்நாளில் அவரிடம் நான் வாங்கிய வசவுகளில் இதுபோல் சுட்டது வேறில்லை. பள்ளிக்கூடப் பையன் போலத் தலையைக் குனிந்து கொண்டேன். அந்தப் பெண்ணை நிற்கச் சொல்லி, கிளைகள் அவர்களுடையவை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. பணம் எவ்வளவு என்று கேட்டார். அது எனக்கு இரண்டாவது அடி. பிறகு மற்ற கொட்டகைக்காரர்களும் வந்தார்கள். இரவு எட்டு மணி வரை நாங்கள் எல்லோருமாகச் சுமந்தோம். நான் சுமந்தது நாலு கட்டுத்தான். அதற்கே மூச்சு வாங்கியது.

மறுநாள் மேஸ்திரியைக் கண்டு, மணிக்கட்டுக்கு மேல் பருமனானது எனக்கு, அதற்குக் குறைந்தது விழுந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று சொன்னேன். "நான் அன்னிக்கே சொல்லலாம்னு நெனச்சேன் சார். பணம் குடுக்கறவங்ககிட்ட என்னத்தச் சொல்றது" என்றார். இது எல்லா நாளும் ஒழுங்காக நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். மனைக்குச் சொந்தக்காரர்கள் மாலைக்குள் இடத்தைத் துப்புரவாக்கிக் கேட்பார்கள். கட்டட வேலை ஐந்தரைக்குத்தான் விடும். ஒருமுறை அந்த அரை மணி நேரத்துக்குள் கிளைகளை லாரி வாரிக்கொண்டு போய்விட்டது. அதன் பிறகு மரம் வெட்டும் நாளில் என் மனைவி முன்கூட்டியே கொட்டகைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவாள்.

அடுத்த ஆண்டு அந்தக் கட்டடம் முடிந்து கண்ணாடிச் சன்னல்கள் வைத்தாயிற்று. தகரக் கொட்டகைகளைப் பிரித்து எடுத்துக்கொண்டு அவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. போகிற நாளில் அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்து என் தாயாரிடம் சொல்லிக்கொண்டு போனாராம். நான் அப்போது வீட்டில் இல்லை.

சென்ற வாரம் மேஸ்திரி தொலைபேசியில் கூப்பிட்டார். "நாளைக்கு ஒரு பலா மரம் சார். பர்மிசன் பேப்பர் இருக்கு. கேட்டைத் தொறந்து வெப்பீங்களா?" வைக்கிறேன் என்று சொல்லுமுன் திண்ணையிலிருந்து தாயாரின் குரல் வந்தது: "கிளையை யார் எடுக்கிறார்கள் என்று கேள்."

கேட்டேன். பக்கத்து மனைக் காவற்காரர் குடும்பம் நேற்றே வந்து சொல்லி வைத்திருக்கிறது என்றார். கதவைத் திறந்து வைப்பதாகச் சொன்னேன்.